சாரதியில்லாத வண்டி யாரை நம்பும்?

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்துத் தெருக்களில் சாரதியின்றி ஓடிக்கொண்டிருந்த வாடகைக் கார்களின் பெருக்கத்தை எதிர்த்த குழு ஒன்று, அவற்றை நிறுத்துவதற்கு மிகச் சாதாரணமான ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்தது. சாலை வேலை நடக்கும் இடங்களில் எச்சரிக்கைக்காக வைக்கப்படும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை எடுத்து, நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பானெட்டின் மேல் வைத்துவிட்டு அவர்கள் நடந்து போய்விட்டார்கள். வண்டி அசையவில்லை, எச்சரிக்கை விளக்குகளை மினுக்கிக்கொண்டு, யாரேனும் வந்து அந்தக் கூம்பை அகற்றும் வரையில் நின்ற இடத்திலேயே நின்றது. உச்சியில் லேசர்க் கருவியும், நாற்புறமும் காமிராக்களும், உள்ளே ஆற்றல் மிக்க கணிப்பொறியும் பொருத்தப்பெற்ற ஒரு யந்திரம், ஒரு பிளாஸ்டிக் கூம்புக்கு அடங்கிப்போயிற்று.

இதில் அந்த யந்திரத்தின் மூடத்தனம் வெளிப்பட்டது என்று கருதுவது சரியாகாது. அது தனக்கு இடப்பட்ட கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றிற்று. தனக்கு முன்னால் இருப்பது இன்னதென்று தெளிவாகாத போது முன்னேறாதே, நின்றுவிடு என்பது அதற்குப் போதிக்கப்பட்ட முதல் விதி. மனித உயிரைக் காப்பதற்கென்றே நல்லெண்ணத்தோடு ஏற்படுத்தப்பட்ட விதி. ஆனால் அந்த விதியை அறிந்துகொண்ட எதிராளி ஒருவனுக்கு, அதுவே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பிடியாகவும் ஆகிவிடுகிறது. தானே ஓடும் வாகனங்களைப் பற்றி எழும் பாதுகாப்புச் சங்கடங்கள் யாவற்றுக்கும் வித்து இந்தச் சிறு சம்பவத்திலேயே அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். தற்செயலாக நேரும் விபத்தைத் தடுப்பது ஒரு வித்தை. வேண்டுமென்றே இழைக்கப்படும் வஞ்சனையைத் தடுப்பது முற்றிலும் வேறொரு வித்தை. மோட்டார்த் தொழில் முதலாவதில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தேர்ச்சி உடையது; இரண்டாவதில் அது இப்போதுதான் அரிச்சுவடி படித்துக்கொண்டிருக்கிறது.

இந்த வேற்றுமை மேலோட்டமானதன்று. பிரேக்கின் உறுப்பொன்று தேய்ந்து முறிவதற்கு எத்தனை லட்சம் மைலுக்கு ஒரு முறை சந்தர்ப்பம் உண்டு என்று எஞ்சினீயர் கணக்கிடலாம்; ஒன்று முறிந்தால் மற்றொன்று உதவட்டும் என்று இரண்டு வைக்கலாம்; இரண்டும் ஒரே கணத்தில் முறிவது அபூர்வத்திலும் அபூர்வம் என்று நிம்மதி கொள்ளலாம். இயற்கை யாரிடமும் பகை பாராட்டுவதில்லையாதலால் அந்தக் கணக்கு செல்லும். மனிதனோ, எந்த அபூர்வமான சேர்க்கையில் யந்திரம் தடுமாறும் என்று தேடிக் கண்டுபிடித்து, அந்தச் சேர்க்கையைத் தானே கூட்டி வைக்கக்கூடியவன். கோடியில் ஒன்று என்று கணக்கன் ஒதுக்கிய சந்தர்ப்பம், அவன் விரும்பிய நாளில், விரும்பிய வேளையில் நிகழும்.

வாகனத்தின் உட்புறத்திலிருந்தே விஷயத்தைத் தொடங்குவோம். இன்றைய மோட்டார் காரில் பல பத்துச் சிறு கணிப்பொறிகள் உண்டு. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, மழைத்துடைப்பானுக்கும் ஒன்று என்று அவை தத்தம் வேலையைச் செய்துகொண்டே ஒன்றோடொன்று ஓயாது பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் கம்பியின் பாரமே பெரும் பாரமாகிவிடும் என்பதை உணர்ந்து, ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் 1983-இல் ஆராய்ச்சி தொடங்கி, 1986-இல் டெட்ராய்ட் நகரத்தில் நடந்த எஞ்சினீயர் மகாநாட்டில் ஓர் ஏற்பாட்டை வெளியிட்டார்கள். 'கான்' என்று சுருக்கமாக வழங்கும் அந்த ஏற்பாட்டில், முறுக்கிய இரண்டு கம்பிகளில் எல்லாக் கணிப்பொறிகளும் இணைக்கப்பட்டிருக்கும். ஒரே கூடத்தில் கூடியிருக்கும் பெரிய குடும்பத்தில் ஒருவர் குரல் கொடுத்தால் அனைவர் காதிலும் விழுவதைப் போல, ஒன்று அனுப்பும் செய்தி மற்றவை யாவற்றுக்கும் எட்டும்; வேண்டியவர் எடுத்துக்கொள்வார், வேண்டாதவர் விட்டுவிடுவார். ஆனால் குரல் கொடுத்தவர் யார் என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் அந்தக் கூடத்தில் இல்லை.

கான் செய்தியொன்றைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். அதன் தலைப்பில் 11 இரும எண்களாலான ஓர் அடையாளம்; அதை அடுத்து, அதிகம் போனால் 8 பைட் அளவுள்ள விஷயம்; கடைசியில் பிழை கண்டறிவதற்கான 15 இரும எண்கள். அடையாளம் என்பது செய்தியின் பெயரேயன்றி அதை அனுப்பியவரின் பெயரன்று. 'இது சக்கர வேகம்' என்று அது சொல்லுமே தவிர, 'இதைச் சொல்வது சக்கரத்தருகே இருக்கும் கருவிதான்' என்பதற்கு அத்தாட்சி எதுவும் கிடையாது. கடைசியில் வரும் 15 எண்களும், எஞ்சினின் மின்பொறி இரைச்சலால் செய்தி சிதைந்துவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்குமேயொழிய, பொய் சொல்பவனைக் கண்டுபிடிக்க மாட்டா; பொய்யனும் அவற்றைக் கணக்கிட்டுச் சேர்த்துவிடலாம். அன்றியும், இரண்டு கருவிகள் ஏக காலத்தில் பேசத் தொடங்கினால், அடையாள எண் குறைந்தது தொடர்ந்து பேச, மற்றது தானே விலகிக்கொள்ளும். அவசரச் செய்தி தாமதப்படக் கூடாதென்று வகுத்த அழகான முறை இது. எனினும், மிகக் குறைந்த எண்ணை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் தீயவன் ஒருவன் புகுந்தால், அவனைத் தவிர வேறெவரும் வாய் திறக்கவே முடியாது. எண்பதுகளில் இதை வகுத்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அன்றைய காரின் கம்பிகள் காருக்குள்ளேயே தொடங்கிக் காருக்குள்ளேயே முடிந்தன. உள்ளே அந்நியன் எவனும் இருக்கவில்லை.

அந்நியன் புகுந்தால் என்ன ஆகும் என்பதை 2010-இல் வாஷிங்டன் சர்வகலாசாலையையும், கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான் டியேகோ கிளையையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தார்கள். டடயோஷி கோனோ, ஸ்டீபன் சாவேஜ் ஆகிய பேராசிரியர்களின் தலைமையில் அவர்கள் ஒரு காரை வாங்கி, கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் ஓட்டிப் பார்த்தார்கள். மெக்கானிக்குகள் பழுது காண்பதற்காக ஸ்டீயரிங்குக்குக் கீழே வைத்திருக்கும் இணைப்புத் துவாரத்தின் வழியே செய்திகளைப் புகுத்தி, ஓடும் வண்டியின் பிரேக்கைத் தாமாகவே பிடிக்கச் செய்தார்கள். சாரதி முழுப் பலத்தோடு மிதித்தாலும் பிடிக்காதபடியும் செய்தார்கள். காருக்குள்ளேயே ஏறிவிட்டவன் இத்தனை பாடுபடுவானேன், பிரேக் குழாயை அறுத்துவிட்டுப் போகலாமே என்று அப்போது ஆட்சேபம் எழுந்தது. நியாயமான ஆட்சேபம்தான். அதற்கு அவர்கள் மறு வருஷம் விடை அளித்தார்கள். காரில் ஏறாமலே, பாட்டுத் தட்டின் மூலமாகவும், புளூடூத் வழியாகவும், காரிலுள்ள தொலைபேசிக்கு அழைப்பு விடுத்தும் அதே காரியத்தைச் சாதித்தார்கள். கடைசியாகச் சொன்ன முறையில் அவர்கள் செய்தது ஆச்சரியமானது. தாக்குதலுக்கு வேண்டிய கட்டளைகளை ஒலிகளாக மாற்றி ஐபாட் ஒன்றில் பதிவு செய்துகொண்டு, அலுவலகத் தொலைபேசியிலிருந்து காரின் எண்ணை அழைத்து, ஐபாடை வாய்க்குழலருகே வைத்துப் பாட விட்டார்கள். அந்தச் சங்கீதத்தைக் கேட்டு முடித்த கார் அவர்கள் வசமாயிற்று.

உலகம் திடுக்கிட்டு விழித்தது 2015 ஜூலையில்தான். சார்லி மில்லர், கிரிஸ் வலாசெக் என்ற இரு நிபுணர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு வீட்டில் அமர்ந்தபடி, சுமார் 10 மைல் தூரத்தில் நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டி ஒன்றைத் தங்கள் மடிக்கணினியால் ஆட்டிவைத்தார்கள். வண்டியை ஓட்டியவர் ஆண்டி கிரீன்பெர்க் என்ற பத்திரிகையாளர். சோதனைக்குச் சம்மதித்தே ஏறியவர் என்றாலும், என்ன நடக்கும் என்று முன்கூட்டி அறியாதவர். முதலில் குளிர்காற்று உச்ச வேகத்தில் அடித்தது. வானொலி அலறிற்று, திருகினாலும் அடங்கவில்லை. கண்ணாடி மீது சோப்பு நீர் பீய்ச்சிப் பார்வையை மறைத்தது. அதன் பின், ஒதுங்குவதற்கு ஓரமே இல்லாத மேம்பாலத்தருகே, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வேகம் எழாமல் வண்டி தளர்ந்தது. பின்னால் பெரிய லாரி நெருங்கி வந்துகொண்டிருந்தது. பிற்பாடு ஓரிடத்தில் மெதுவாக ஓட்டியபோது பிரேக்கையும் அவர்கள் செயலிழக்கச் செய்ய, வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி நின்றது.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதில்தான் படிப்பினை இருக்கிறது. அந்த வண்டியில் பாட்டும், வழிகாட்டும் படமும் தரும் ஒரு திரை இருந்தது. அது கைப்பேசி நிறுவனத்தின் வலை வழியாக இணையத்தோடு இணைந்திருந்தது. வெளியிலிருந்து அதனுள் புகுவதற்கான வாயில் ஒன்று பூட்டப்படாமல் திறந்தே கிடந்தது. திரைக்கும் கான் கம்பிக்கும் நடுவே ஒரு சிறு சில்லு காவல் இருந்தது. கம்பியில் நடக்கும் பேச்சைத் திரை கேட்கலாம், பேசக் கூடாது என்பது அந்தச் சில்லின் ஒழுங்கு. ஆனால் சில்லின் உள்ளே இருந்த மென்பொருளை மாற்றி எழுதுகிறவர் யார் என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே மில்லரும் வலாசெக்கும் சில்லை மாற்றி எழுதி, கேட்க மட்டும் உரிமை பெற்றிருந்ததைப் பேசவும் வைத்துவிட்டார்கள். பொழுதுபோக்குக்காக வைத்த திரை பிரேக்குக்குக் கட்டளையிடும் அதிகாரத்தைப் பெற்றது. பியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பழுது நீக்கும் மென்பொருளை யு.எஸ்.பி. துண்டுகளில் ஏற்றித் தபாலில் அனுப்பினார்கள்.

பரிசோதனைச் சாலையில் மட்டும் இப்படி நடக்குமென்று எண்ணி ஆறுதல் கொள்ள இடமில்லை. 2022-இல் லண்டனில், வாகனப் பாதுகாப்பு ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வீட்டு வாசலிலிருந்து அவருடைய டொயோட்டா கார் திருட்டுப் போயிற்று. திருடர்கள் முன்பக்கப் பம்பரைப் பிய்த்து, ஹெட்லைட்டுக்குப் போகும் கம்பியில் ஒரு கருவியைச் செருகி, 'சாவி சோதிக்கப்பட்டது, சரியான சாவிதான்' என்ற செய்தியை கான் கம்பியில் பொய்யாக ஒலிக்கச் செய்தார்கள். அவ்விதக் கருவிகள், பாட்டுக் கேட்கும் சிறிய ஒலிபெருக்கியின் கூட்டுக்குள் மறைத்து விற்கப்பட்டன. காரிலுள்ள மற்றக் கணிப்பொறிகள் அந்தச் செய்தியை நம்பின. அவநம்பிக்கை கொள்ள அவற்றுக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை.

கூம்புக்கு அடங்கிய வண்டியைத் தவிர, மேலே சொன்ன வண்டிகள் யாவும் சாரதி உள்ளவை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கிரீன்பெர்க் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தாலும், அவர் கையில் சுக்கான் இருந்தது; அடுத்த கிளைச் சாலையில் ஒதுங்கி, எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பி வண்டியை மீட்டுக்கொண்டார். சாரதியற்ற வாடகைக் காரில் பிரயாணி பின்னாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். சூக்ஸ் நிறுவனத்தார் வடித்திருக்கும் வண்டியிலோ சுக்கானும் இல்லை, மிதிகளும் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஜீப் வண்டியின் சுக்கானை நிபுணர்கள் ஓரளவேனும் திருப்ப முடிந்ததற்குக் காரணம், வண்டியைத் தானே நிறுத்துமிடத்தில் செருகிக்கொள்ளும் வசதிக்காகச் சுக்கானோடு ஒரு மோட்டார் இணைக்கப்பட்டிருந்ததுதான். மனிதனின் கையை விடுவிப்பதற்காக யந்திரத்துக்குக் கொடுக்கும் ஒவ்வோர் அதிகாரமும், யந்திரத்தை வசப்படுத்துகிறவனுக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. தானே ஓடும் வாகனத்தில் அந்த அதிகாரம் பூரணமானது.

இதுவரை சொன்னது வண்டிக்குள் புகும் எதிராளியைப் பற்றியது. உள்ளே புகாமலே, வண்டியின் புலன்களை மயக்கி, பொய்யான உலகத்தை அதற்குக் காட்டுகிறவனைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அறிவு பிறக்கும் வழிகளைச் சைவ சித்தாந்த நூலார் காண்டல், கருதல், உரை என்று மூன்றில் அடக்குவார்கள். சாரதியற்ற வண்டியின் அறிவையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கலாம்: லேசர், ரேடார், காமிரா இவற்றின் மூலம் அது காண்கிறது, கண்டதைக் கொண்டு 'இது மனிதன், இவன் தெருவைக் கடக்கப்போகிறான்' என்று கருதுகிறது, தேசப்படத்தையும், வான்கோளின் செய்தியையும், நிறுவனத்தின் கட்டளையையும் உரையாக ஏற்கிறது. மூன்றிலும் பொய் கலக்க இடமுண்டு.

லைடார் என்னும் லேசர்க் கருவி கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை விநாடிக்குப் பல லட்சம் வீதம் எறிந்து, அவை பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நானோ விநாடியில் ஒளி சுமார் 30 சென்டிமீட்டர் செல்லும். எனவே 30 மீட்டருக்கு அப்பால் நிற்பவன் மேல் பட்ட துடிப்பு 200 நானோ விநாடியில், அதாவது ஒரு விநாடியின் 50 லட்சத்தில் ஒரு பங்கில், திரும்பி வந்துவிடும். திரும்பிய ஒளி தான் அனுப்பியதுதானா என்று கருவி கேட்பதில்லையென்றால், அதே நிறமுள்ள லேசரால் தக்க தாமதத்தோடு ஒரு துடிப்பை அதன் மேல் வீசுகிறவன், தான் விரும்பும் தூரத்தில் ஒரு புள்ளியை வெட்டவெளியில் உண்டாக்கிவிடலாம். 2015-இல் ஜொனாதன் பெட்டி என்ற ஆராய்ச்சியாளர் சுமார் 60 டாலர் விலையுள்ள சாமான்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். இல்லாத காரும், இல்லாத மனிதனும், இல்லாத சுவரும் லைடாரின் முன் எழுந்தன. பின்னர் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், வண்டியின் முன்னால் சில பத்துப் பொய்ப் புள்ளிகளைச் சரியான இடங்களில் தூவினாலே, புள்ளிகளைக் கொண்டு பொருளை அனுமானிக்கும் மென்பொருள் அங்கே ஒரு வாகனம் நிற்பதாகத் தீர்மானித்துவிடும் என்று நிரூபித்தார்கள். நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகும் வண்டி இல்லாத தடையைக் கண்டு திடீரென்று நின்றால், பின்னால் வருகிற உண்மையான லாரி அதை அறியாது.

காமிராவின் விஷயம் இன்னும் விசித்திரமானது. காமிரா காட்டும் படத்தைப் பொருளாகப் புரிந்துகொள்வது, லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பயின்ற ஒரு கணித வலை. பயின்றது போன்ற சந்தர்ப்பங்களில் அது மனிதனுக்குச் சமமாகவும், சில வேளை மேலாகவும் தேர்கிறது. ஆனால் மனிதன் கவனிக்காத அடையாளங்களையும் அது கணக்கில் கொள்ளுகிறதாதலால், மனிதன் ஏமாறாத இடத்தில் அது ஏமாறுகிறது. அமெரிக்கச் சர்வகலாசாலைகள் சிலவற்றைச் சேர்ந்தவர்கள் 2018-இல் பிரசுரித்த ஆராய்ச்சியில், 'நில்' என்னும் சிவப்புப் பலகையின் மேல் கறுப்பும் வெள்ளையுமான சில ஒட்டுத்தாள்களை இடம் பார்த்து ஒட்டினார்கள். தெருவில் போகிறவர் கண்ணுக்கு அது யாரோ விளையாட்டுப் பிள்ளைகள் கிறுக்கிய பலகை. அவர்கள் சோதித்த கணித வலைக்கோ அது 45 மைல் வேகத்துக்கு அனுமதி தரும் பலகை. 2020-இல் மக்காபி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இதைத் தெருவில் ஓடும் காரிலேயே சோதித்தார்கள். 35 என்ற வேக எல்லைப் பலகையில், 3 என்ற எண்ணின் நடுக்கோட்டைக் கறுப்பு டேப்பினால் சற்று நீட்டினார்கள். 2016-ஆம் ஆண்டு டெஸ்லா கார்கள் அதை 85 என்று வாசித்து வேகம் பிடிக்கத் தொடங்கின. பிற்காலத்துக் காமிராக்கள் அந்த ஏமாற்றுக்கு இரையாகவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். அதற்கு முந்திய ஆண்டில் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், தரையில் மூன்றே மூன்று சிறு ஒட்டுத்தாள்களை ஒட்டி, டெஸ்லாவின் தானோட்டி அமைப்பை எதிர் வரிசைக்கு இழுத்துச் சென்று காட்டினார்கள். சாரதி எந்தக் கணமும் சுக்கானைத் திருப்பி வண்டியை மீட்கலாமே என்று நிறுவனம் பதிலுரைத்தது. சாரதி இருக்கும் வரையில் அது பதில்தான்.

வான்கோள்களின் உரையும் நம்பத் தக்கதன்று. ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பேசுகின்றன. பூமியை எட்டும்போது அவற்றின் குரல் மிக மிக மெலிந்துவிடுகிறது. பொதுமக்களுக்கான செய்தியில் வெகு காலமாக முத்திரை எதுவும் கிடையாது. 2013-இல் டெக்சாஸ் சர்வகலாசாலையின் டாட் ஹம்ப்ரீஸ் என்ற பேராசிரியர், கப்பல்காரர்களின் சம்மதத்தோடு, மத்தியதரைக் கடலில் சென்ற 65 மீட்டர் நீளமுள்ள உல்லாசக் கப்பலொன்றை, கைப்பெட்டி அளவுள்ள கருவியால் பொய்ச் சமிக்ஞை தந்து திசை திருப்பினார். கப்பலின் திரையில் பாதை நேர்க்கோடாகவே தெரிந்தது. கடலிலோ கப்பல் வளைந்து சென்றது. சாரதியற்ற வாடகைக் கார்கள் வான்கோளை மட்டும் நம்பி ஓடுவதில்லை, தாங்கள் காணும் கட்டடங்களையும் கம்பங்களையும் முன்பே அளந்து வைத்த தேசப்படத்தோடு ஒப்பிட்டு இடத்தை அறிகின்றன என்பதை நியாயத்தை முன்னிட்டுச் சொல்லியாக வேண்டும். ஒரு புலனை ஏமாற்றுவது எளிது. லேசர், ரேடார், காமிரா மூன்றையும் ஒரே பொருளைப் பற்றி, ஒரே கணத்தில், ஒன்றுக்கொன்று முரணாகாதபடி ஏமாற்றுவது கடினம். ஆகையால் பல புலன்களை வைத்திருப்பதே இப்போதைக்கு உள்ள சிறந்த கவசம். புலன்கள் முரண்படும்போது எதை நம்புவது என்ற கேள்வி மட்டும் மிச்சம் நிற்கிறது. சந்தேகம் வந்தால் நில் என்று விடை சொன்னால், நிறுத்த விரும்புகிறவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டாலே போதும். பெரும்பான்மையை நம்பு என்று விடை சொன்னால், உண்மையாகவே தெருவில் நிற்கும் குழந்தையை ஒரே ஒரு புலன் மட்டும் கண்ட சந்தர்ப்பத்தில் என்ன ஆகும்? இதற்கு ஒரு சூத்திரத்தில் அடங்கும் விடை இல்லை.

ஆயினும் என்னை மிகுதியும் கவலைக்குள்ளாக்குவது லேசரும் ஒட்டுத்தாளும் அல்ல. அவற்றைக் கொண்டு ஒரு சமயத்தில் ஒரு வண்டியைத்தான் கெடுக்க முடியும். கெடுப்பவன் தெருவுக்கு வந்தாக வேண்டும். நிறுவனத்தின் தலைமைக் கணிப்பொறியிலிருந்து ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் இறங்கும் கட்டளையே ஆழ்ந்து யோசிக்கத் தக்கது. 2016-இல் மேற்படி டென்சென்ட் ஆராய்ச்சியாளர்களே 12 மைல் தூரத்திலிருந்து டெஸ்லா கார் ஒன்றின் பிரேக்கை இயக்கிக் காட்டிய போது, அந்த நிறுவனம் சுமார் 10 நாளில் பழுது நீக்கிய மென்பொருளை ஆகாய மார்க்கமாகவே எல்லா வண்டிகளுக்கும் அனுப்பிவிட்டது. தபாலில் துண்டு அனுப்பியதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் மருந்து இறங்கும் அதே வழியாக விஷமும் இறங்கலாம். அதனால்தான் அந்நிறுவனம் அப்போதே கையொப்ப முறையையும் புகுத்திற்று. நிறுவனம் தன் வசமுள்ள ஓர் இரகசிய எண்ணைக் கொண்டு மென்பொருளுக்கு ஒரு முத்திரை கணக்கிடுகிறது. வண்டியிலுள்ள பகிரங்க எண் அந்த முத்திரை மெய்யானதா என்று சோதிக்கவல்லது, ஆனால் புதிதாக ஒரு முத்திரை செய்யவல்லதன்று. கணித ரீதியாக இது வெகு திடமான ஏற்பாடு. அப்புறம் பூட்டின் பலமெல்லாம் அந்த இரகசிய எண்ணை வைத்திருக்கும் மனிதர்களின் ஜாக்கிரதையில்தான் இருக்கிறது.

மனிதர்களின் ஜாக்கிரதையோ வண்டியின் கணிதத்தைப் போலத் திடமாக அமைவதில்லை. 2024-இல் ஆராய்ச்சியாளர் சிலர், கியா நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்காக நடத்திய இணையவாயிலில் இருந்த குறைபாட்டின் மூலம், ஒரு காரின் நம்பர் பலகையை மட்டும் தெரிந்துகொண்டு, அது எங்கே நிற்கிறது என்று அறியவும், கதவைத் திறக்கவும், கிளப்பவும் முடியும் என்று கண்டார்கள். வண்டியில் பிழை எதுவும் இல்லை. பிழை அலுவலகத்தில் இருந்தது. நிறுவனம் அதைத் திருத்திய பிறகே அவர்கள் விஷயத்தை வெளியிட்டார்கள்.

அப்படி வெளியிடும் உரிமை எளிதில் கிடைத்ததன்று என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். 2013-இல், பல கார்களின் திருட்டுத் தடுப்புச் சில்லிலுள்ள பலவீனத்தைக் கண்டுபிடித்த ஐரோப்பிய அறிஞர் மூவர் அதைப் பிரசுரிக்க முற்பட்டபோது, வோல்க்ஸ்வாகன் நிறுவனம் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்தில் தடை உத்தரவு பெற்றது. இரண்டு ஆண்டு தகராறுக்குப் பின், ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டுக் கட்டுரை 2015-இல் வெளிவந்தது. அந்த இரண்டு ஆண்டும் பலவீனம் கார்களில் இருந்துகொண்டேதான் இருந்தது. அறிஞர் வாயை மூடியதால் அது மறையவில்லை. 2010-இல் பரிசோதிக்கப்பட்ட காரை உற்பத்தி செய்தது ஜெனரல் மோட்டார்ஸ் என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்ணியமாக வெளியிடாமல் இருந்தார்கள். அந்தக் குறைபாட்டை நிறுவனம் முழுமையாக நீக்குவதற்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டு பிடித்தது. ஜீப் விஷயத்திலோ உலகமறியப் பேசப்பட்ட சில நாளிலேயே 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு வாகன மென்பொருளை ஆராய்கிறவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் 2015-ஆம் ஆண்டின் இறுதியில்தான் விலக்கு அளித்தது. குறையைக் கண்டு சொல்கிறவனைக் குற்றவாளியாக நடத்தும் தேசத்தில், குறையைக் கண்டு சொல்லாதவன் மட்டுமே மிஞ்சுவான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சர்வதேச அளவில் விதிகளும் ஏற்பட்டுவருகின்றன. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 2020-இல் ஏற்று, 2021 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்த 155-ஆம் விதியின்படி, வாகனத்தின் ஆயுள் முழுவதிலும் எழக்கூடிய கணிப்பொறித் தாக்குதல்களை நிறுவனம் கண்காணித்து எதிர்கொள்ளும் ஏற்பாடு இருந்தாலொழிய, வாகனத்துக்கு அனுமதி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதிதாக விற்கும் வண்டிகள் அனைத்துக்கும் இது கட்டாயமாயிற்று. போர்ஷே நிறுவனம், தன் பெட்ரோல் மகான் வண்டியை இந்த விதிக்கு இணங்கத் திருத்துவதைவிட, ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வதே மேலென்று முடிவு செய்தது. விதியின் பல் கூரியதுதான் என்பதற்கு இது சான்று. கான் கம்பியில் செல்லும் செய்திக்கும் முத்திரை வைக்கும் முறை வகுக்கப்பட்டிருக்கிறது. 8 பைட்டில் விஷயத்தோடு முத்திரைக்கும் இடம் போதாமையால், 64 பைட் வரையில் கொள்ளும் புதிய கான் முறை அதற்குத் துணை செய்கிறது.

ஆனால் அமெரிக்கச் சாலைகளில் இன்று ஓடும் கார்களின் சராசரி வயது 12 ஆண்டுக்கு மேல். இன்று விற்கப்படும் வண்டி இன்னும் பதினைந்து, இருபது ஆண்டு தெருவில் இருக்கும். அந்தக் காலத்தில் புதுப்புதுத் தாக்குதல்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மாற்று மென்பொருளை இரகசிய முத்திரையிட்டு அனுப்புவதற்கு யாரேனும் இருந்தாக வேண்டும். 2024 ஜூன் மாதத்தில் பிஸ்கர் என்ற அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனம் திவாலாயிற்று. அதன் வண்டிகளை வாங்கிய ஆயிரக்கணக்கானவர்கள், பிழை திருத்தும் மென்பொருள் இனி எங்கிருந்து வரும் என்று தெரியாமல் திகைத்தார்கள். வேறு வழி காணாமல் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, வண்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பைத் தாங்களே சுமக்க முற்பட்டார்கள்.